பதியப் போன பிள்ளை

பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு மகள் ஆரணி என் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தாள். யோக்யகர்த்தாவில் அன்று எனக்கு இரண்டாம் நாள். இங்கே ஒரு வீட்டில் விருந்தாளி தங்கினால், இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் தெருத் தலைவரிடம் பதிய வேண்டுமாம். அரசாங்கம் ஊருக்குப் போடும் எங்கள் விதானையாரைப் போன்றவர். ஆனால் தெருச் சனமே தெரிந்தெடுப்பது. ஒழுங்கை முகப்பில் அதற்கென்று ஒரு பலகையும் தொங்குகிறது.

கணவர் போன பிறகு எனக்கு இருப்பது இந்த ஒரு மகள்தான். பட்டப்படிப்புக்கு முன் ஒரு வருடம் இந்தோனேசிய மொழி படிக்கிறாள். சூடான், வியட்நாம், மடகஸ்கார் என்று பல நாட்டுப் பிள்ளைகள். வகுப்பில் ஆங்கிலம் கதைக்கக்கூடாது. பாதிப் பாடம் தெருவில்தான். ஒரு கிழமை சந்தையில் பேரம், இன்னொரு கிழமை மருந்துக்கடை. போனை வீட்டில் வைத்துவிட்டுத் தனியே போய்க் கதைத்து வரவேண்டும். நான் வந்தது ஆசிரியைக்கு வசதியாகிவிட்டது. அந்தக் கிழமைப் பயிற்சி, அம்மாவைப் பதிவது.

"நானும் வாறன் பிள்ளை."

"நீங்கள் வந்தால் உங்களோடையே சிரிச்சுக்கொண்டு நிப்பினம், என்னைக் கதைக்க விடமாட்டினம். நாலாவது வீடுதானே. ஐஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிடம் என்றுதான் அண்ணையும் சொன்னார். எங்கள் ஊர் இணுவிலில் சண்டைக்காலம், அப்போது எனக்குப் பதினாறு வயது. கரவெட்டியிலிருந்து வந்த பெரியம்மா அன்று எங்களோடு தங்க நேர்ந்தது. வெளியார் தங்கினால் இராணுவ முகாமில் பதிய வேண்டும். அண்ணை குடும்ப அட்டையையும் பெரியம்மாவின் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். அடுத்த நாள் காவலரணுக்குப் பக்கத்து வேலியில் சைக்கிள் மட்டும் சாய்ந்திருந்தது. முகாமில் கேட்டால், அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். பெரியம்மா சாகும்வரை வேறெந்த வீட்டிலும் தங்கவில்லை. ஆரணிக்கு, மாமா சண்டைக்காலத்தில் இல்லாமல் போனார் என்பது மட்டும் தெரியும். எதைப் பதியப் போனவர் என்று நான் சொன்னதில்லை.

நாலரை. ஐந்து. ஐந்து இருபதுக்குச் செருப்பில்லாமல் ஒழுங்கைக்கு ஓடினேன். நாலாவது வீடு பூட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆங்கிலத்தில், "என் மகள், என் மகள்" என்றேன். அவர் சிரித்து, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் அழுவதைப் பார்த்து, சீனி காணாது என்று நினைத்தாரோ, இன்னொரு கரண்டி போட்டார். பிள்ளை ஏழு மாதமாகப் படித்த பாஷையில், ஆளைக் காணவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை.

ஆறு மணிக்குக் கிட்ட ஆரணி வந்தாள். கூடவே முக்காடிட்ட ஒரு பெண், கக்கத்தில் பெரிய கொப்பியோடு. அவர்தான் தலைவர். அடுத்த தெருச் செத்தவீட்டில் நிற்கிறார் என்று விசாரித்துப் போய், முடியும்வரை பிள்ளை அங்கே காத்திருந்திருக்கிறாள்.

"ஏனம்மா வெறுங்காலோட றோட்டிலை இருக்கிறியள்? நான் ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் முழுக்கக் கதைச்சனான், தெரியுமே?"

கொப்பியில் அவளுடைய கையெழுத்தில் என் பெயர், எங்கள் ஊர்.

"அழிக்கச் சொல்லு பிள்ளை. நான் நாளைக்கே ஊருக்குப் போறன்."

அந்தப் பெண் என்னவென்று கேட்க, ஆரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் கொப்பியை மூடாமல் என் பாதங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். மகள் ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினாள்.

"இது பூமி ஆடுற இடமாம் அம்மா. முந்தி ஒருக்கா, இடிஞ்ச வீட்டுக்குள்ளை எத்தினை பேர் எண்டு தெரியாமல் தோண்டினவையாம். உங்கடை பேர் இதிலை இல்லாட்டி, எங்கடை வீடு இடிஞ்சால் என்னை மட்டும் எடுத்துப்போட்டுத் தேடுறதை நிப்பாட்டிப்போடுவினமாம்."