லெந்து நாட்களில் அக்கா குடித்த கஷாயம்

அக்கா கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். அக்காவிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. கெட்டது என் பக்கம்தான். அதையும் எழுதுகிறேன்.

அக்கா பல்லாவரத்தில் பிறந்தார். தோல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா படுத்த படுக்கையானபோது அக்காவுக்கு இருபது வயது. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கணக்குப் பாடம் நடத்தினார். என்னைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தங்கச்சிக்கு முதல்ல ஆகட்டும்" என்றார். எனக்கும் அமையவில்லை. சேலையூர் வீட்டில் நாங்கள் இருவரே தங்கிவிட்டோம்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அக்கா பகல் முழுவதும் உபவாசம் இருப்பார். மாலையில்தான் கஞ்சி. போன வருட லெந்தில், இரண்டாம் வாரமே வயிறு வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். வெறும் வயிற்றில் வாயு என்று நானே முடிவு கட்டினேன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு அலுவலக வேலை. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் நேராக அடுப்படிக்குப் போவேன். ஓமமும் சீரகமும் கருக வறுத்து, சுக்கு தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகும்வரை கொதிக்க வைத்துக் கொடுப்பேன்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுடுச்சுடி. உன் கை மருந்து கேக்காம போவுமா?"

எனக்குப் பெருமை தாங்காது. அக்காவின் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. சர்ச்சில் கேட்டவர்களிடம், "உபவாசம் இருந்தா இளைக்கத்தானே செய்வாங்க" என்று நான்தான் சொன்னேன். ஐயோ, கண்ணிருந்தும் குருடியாக இருந்தேனே!

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஸ்கேனில் வயிற்றில் கட்டி தெரிந்தது. கல்லீரல்வரை பரவியிருந்தது. "இவ்ளோ நாளா என்னம்மா பண்ணீங்க?" என்றார் டாக்டர். கஷாயம் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மதியம், அக்காவின் கட்டிலருகே நான் அடக்க மாட்டாமல் அழுதேன். "தினமும் கேட்டுச்சேக்கா. அதனாலதானே டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டோம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாள்கூட கேக்கலடி. வேலை முடிஞ்சு வந்து, வேர்த்து விறுவிறுத்து அடுப்பாண்ட நின்னுகினு இருப்ப. கேக்கலன்னு எந்த வாயால சொல்றது?"

மூன்றாம் நாள் போய்விட்டார்.

வீடு தேடி வந்து ஜெபித்த ஆயர் ஐயாவுக்கும், எனக்கு இரண்டு மாதம் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோ அண்ணாவுக்கும், ரத்தம் கொடுத்த அக்காவின் பழைய மாணவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். "உன் மேல தப்பில்லம்மா" என்று தேற்றியவர்களுக்கும் நன்றி. அதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

அக்காவுக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று தன் உயிரையே விட்டவரோடு சண்டைதான் போட வேண்டும் போலிருக்கிறது. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வேறெதுவும் வருவதில்லை.

ஏன்க்கா சொல்லல?

தங்கை