விலை நிற்கும் என்று வாங்கிய வண்டி

என் தம்பி அந்த வண்டியைத் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்த காலையில், தெருமுனை வேகத்தடையில் அதன் அடிவயிறு உரசிய சத்தம் சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். நாலு பேர் வண்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து போட்டார். அவற்றின் மேல் ஏற்றி இறக்கித்தான் அது எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அடர்நீல நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் உடம்பு. ஜெர்மனியில் செய்தது.

"இன்னா கா, எப்டி கீது?" என்றான் தம்பி.

"மீதி ரெண்டு கதவு எங்கடா?" என்றேன்.

அவனுக்கு ஆறு டிரெய்லர் லாரிகள் ஓடுகின்றன. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிற லாரிகள். அவற்றை வாங்கும்போதெல்லாம் அவன் என்னைக் கூப்பிடுவான். ஏனென்றால் என் வேலையே அதுதான். பழைய வண்டிகளைப் பார்த்து விலை சொல்வது. டோல்கேட் பக்கம் ஒரு மாடியறையில் அலுவலகம் வைத்திருக்கிறேன். பெயின்ட் தடிமன் அளக்கிற கருவி, இன்ஜின் கோளாறு படிக்கிற கருவி, ஒரு டார்ச், வண்டிக்கு அடியில் விரித்துப் படுக்க ஒரு பழைய பாய், இவ்வளவுதான் என் சொத்து. இருபது வருடமாகச் செய்கிறேன். இன்றைக்கும் புதிதாக வருகிற ஆண்கள் படியேறி வந்து, என் முகத்தைப் பார்த்து, "சார் இல்லையா மா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த ஒரு வண்டிக்கு மட்டும் தம்பி என்னைக் கூப்பிடவில்லை. கோயம்புத்தூர் போய், பார்த்து, அன்றைக்கே முடித்துவிட்டான். கூப்பிட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

"புதுசா எடுத்தா எண்பது லட்சம் கா. நான் இருபத்தெட்டுக்கு எடுத்துக்கிறேன். எறங்க வேண்டிய வெல எல்லாம் எறங்கி முடிச்சாச்சு. இனிமே நிக்கும். இன்னும் ரெண்டு வருசம் போனா ஏறும்."

"யாரு சொன்னா?"

கைப்பேசியை எடுத்து நீட்டினான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் இதே மாதிரி வண்டி மேல் சாய்ந்துகொண்டு, இது செலவு இல்லை, முதலீடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வண்டி அவனுடையது இல்லை என்பது அவன் அதைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது.

விலை நிற்கிற வண்டிகள் உலகத்தில் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. கம்பெனியே நூறு இருநூறு என்று எண்ணிச் செய்து நிறுத்திவிட்டவை. கையால் கியர் போடுகிறவை. குளிரூட்டிய அறையில் போர்வை போர்த்தி, வருடத்துக்கு நாலு முறை வெளியே எடுக்கப்படுகிறவை. தம்பி வாங்கியது ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய ஆட்டோமேட்டிக். அதற்குக் காசு உள்ளவன் புதிதாகத்தான் வாங்குவான், இரண்டாம் கைக்கு வரமாட்டான். காசு இல்லாதவனால் அதன் ஒரு பிரேக் தட்டைக்கூட மாற்ற முடியாது. நடுவில் இருப்பவர்கள் என் தம்பி மாதிரி ஆட்கள். அவர்களும் ஊருக்கு நாலைந்து பேர்தான். விற்க நினைக்கிற எல்லோரும் ஒரு பெரிய தொகையை இணையத்தில் எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தத் தொகையைப் பார்த்துத்தான் மற்றவர்கள், பார், விலை நிற்கிறது என்கிறார்கள். எந்த விலைக்கு வண்டி கைமாறியது என்று யாரும் எழுதிப் போடுவதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். "உனக்கு ரசன இல்ல கா" என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் மனைவியை முன்னால் உட்காரவைத்து, என்னைப் பின்னால் ஏற்றினான். ஏற்றினான் என்பது மரியாதையான சொல். முன் சீட்டை மடக்கி, நான் பக்கவாட்டில் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, தலையை இடித்துக்கொண்டு, முழங்கால் தாடையைத் தொடுகிற மாதிரி ஒடுங்கினேன். எண்ணூர் கடற்கரைச் சாலை வரை ஒரு பள்ளத்துக்கு ஒரு முறை தம்பி கண்ணை மூடித் திறந்தான்.

திரும்பும்போது தம்பி தன் மனைவியைப் பின்னால் மாறிக்கொள்ளச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். "அண்ணி, நீங்களே ஓட்டுங்க. இவரு பின்னால குந்தட்டும். அப்பதான் தெரியும்" என்றாள். நான் ஓட்டினேன். லாரிகள் இல்லாத ஒரு நீளமான துண்டு கிடைத்தது. அழுத்தினேன். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, இருபது வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவள், அரை நிமிட வேகத்துக்கு இப்படி மயங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில் பெருமழை பெய்தது. எங்கள் பக்கம் எல்லாம் முழங்கால் தண்ணீர். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இடுப்பு வரை. தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது. தம்பியின் லாரி ஷெட்டிலும் தண்ணீர் ஏறியது என்று கேள்விப்பட்டு போன் செய்தேன்.

"லாரிக்கு ஒன்னும் ஆவல கா. டயரு தான் நனஞ்சிது."

"அந்த நீல வண்டி?"

"அத்த மழைக்கு முன்னாடியே பெரம்பூர்ல தோஸ்து வூட்டாண்ட உட்டுட்டேன். மேடு அது."

நான் நம்பினேன். மற்றவர் வண்டி என்றால் ஒரு சொல்லைக்கூட நம்பாதவள், தம்பி சொன்னதும் நம்பினேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

கோடை தொடங்கியபோது அவன் வண்டியை விற்கப் போவதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, "இப்ப நல்ல வெல போவுது" என்றான். மூன்று மாதம் யாரும் வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை இரண்டு முறை பார்த்துவிட்டு, "உங்க அக்கா இந்த வேலையில கீறாங்களாமே. அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றிருக்கிறார்.

தம்பி வீட்டுக்கு வந்தான். "யக்கா, நாளைக்கு ஷெட்டாண்ட வந்து சும்மா நில்லு. கருவியெல்லாம் எடுத்துகினு வராத."

"ஏன்?"

"பெரியவரு பயந்துக்குவாரு."

நான் கருவி எதையும் எடுத்துப் போகவில்லை. டார்ச் மட்டும் கைப்பையில் இருந்தது, அது எப்போதும் இருப்பது.

பெரியவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முப்பது வருசம் மேல குந்திகினு, கீழ புதுக் காரெல்லாம் வரிசையா கப்பலுக்குள்ள போறத பாத்துகினு இருந்தேன் மா" என்றார். "ஒன்னுல கூட ஏறுனதில்ல. இப்ப கைல பணம் வந்துகீது. ஓட்டணும். நாலு வருசம் ஓட்டிட்டு வித்தா போட்ட பணம் வரணும். வெல நிக்குமா? அத்த மட்டும் சொல்லு."

வண்டிக் கதவைத் திறந்தேன். மல்லிகை சென்ட் வாசனை முகத்தில் அடித்தது. வண்டிக்குள் இவ்வளவு சென்ட் அடிக்கிறவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை வருகிற அளவு சுத்தமாக இருந்தது. விடாமல் கடைசி வரை இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் சேறு காய்ந்து ஒரு கோடு போட்டிருந்தது. டார்ச்சை சீட்டுக்கு அடியில் அடித்தேன். சீட் நகர்கிற தண்டவாளம் இரண்டும் துருப்பிடித்திருந்தன. தரைவிரிப்பு புதியது.

தம்பியைப் பார்த்தேன். அவன் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நிக்காதுங்க" என்றேன். "தண்ணி பூந்த வண்டி இது. சீட்டு வரைக்கும் முழுவியிருக்கு."

பெரியவர் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"இன்னா மா, சொந்தத் தம்பி வண்டிய இப்டி பேசற? தண்ணி பூந்தா காய வெச்சா போச்சு. எங்க வூட்லகூடத்தான் பூந்துச்சு. இப்ப அதுலதான குடியிருக்கோம்?"

"வூட்டுல கம்ப்யூட்டர் இல்லீங்க. இதுல ஒயருக்கு ஒயர் கம்ப்யூட்டர் கீது. ஒவ்வொன்னா போவும்."

தம்பி திரும்பி வந்தான். "அஞ்சு லட்சம் கொறச்சிக்கிறேன் பெரியவரே" என்றான். இருபத்தாறுக்கு ஒரு ரூபாய் கீழே இறங்கமாட்டேன் என்று மூன்று மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த விலை, ஒரு மூச்சில் இருபத்தொன்றாகிவிட்டது. பெரியவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் கை வண்டியின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஜன்னல் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்தினார். கண்ணாடி பாதி இறங்கி நின்றது. மேலே ஏறவில்லை. நாலைந்து முறை அழுத்திவிட்டு, வெளியே நடந்து, ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

"பெரம்பூர் மேடுன்னியே" என்றேன்.

"நீ வாய மூடிகினு இருந்திருந்தா போதும் கா."

"கேட்டாரேடா."

"எல்லாரும்தான் கேப்பாங்க. சொல்லிடணுமா?" என்றான். பிறகு மெல்ல, "இன்சூரன்ஸ் முழுசா போடல. வெல நிக்கிற வண்டிக்கு எதுக்குன்னு உட்டுட்டேன்" என்றான். ஆறு லாரிக்கும் ஒரு நாள்கூடத் தவறாமல் முழு இன்சூரன்ஸ் கட்டுகிறவன் அவன்.

அன்று நான் நேர்மையாக நடந்துகொண்டேன் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். அது முழு உண்மையில்லை. அந்தச் சேற்றுக் கோட்டைக் கண்டபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சொன்னேனே, பார்த்தாயா என்கிற அற்ப சந்தோஷம். தனியாகக் கூப்பிட்டுத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு ஆள் முன்னால் சொன்னேன்.

தம்பி எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் மனைவி மட்டும் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிகீறாரு அண்ணி. தெனமும் போய் தொறந்து பாக்குறாரு. பொணம் காக்குற மாதிரி கீது" என்றாள்.

பெரியவரைப் பற்றிய செய்தியும் அவள்தான் கொண்டுவந்தாள். அவர் பெங்களூர் போய் ஒரு கறுப்பு நிற இரண்டு கதவு வண்டி வாங்கிவிட்டாராம். தெருவுக்குள் நுழையாததால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் தெரிந்தவர் இடத்தில் நிறுத்தியிருக்கிறாராம். வாங்குவதற்கு முன் யாரிடமும் காட்டவில்லையாம். வேறு யாரிடம் காட்டினாலும் என்னைப் போல ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்திருப்பார். இந்த விஷயத்தில் நான் காப்பாற்றிய ஒரே மனிதரும் இவ்வளவு சீக்கிரம் தானாகப் போய் விழுந்தார்.

பொங்கல் கழிந்து தம்பி அந்த வண்டியைப் புதுப்பேட்டைக்காரர்களுக்குக் கொடுத்தான். முழு வண்டியாக யாரும் கேட்கவில்லை. கழற்றி விற்கிறவர்கள் மூன்றரை லட்சம் கொடுத்து, கிரேனில் கட்டித் தூக்கிப் போனார்கள். முன் விளக்கு இரண்டுக்கும்தான் நல்ல கிராக்கி என்று அவர்கள் சொன்னார்களாம்.

அதற்குப் பத்து நாள் கழித்து எனக்கு போன் வந்தது.

"விம்கோ நகராண்ட ஒரு டிரெய்லரு விலைக்கு வந்துகீது. வரியா?" என்றான். யக்கா என்று சொல்லவில்லை.

பாயை எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸைப் பார்த்தேன். தம்பி குனிந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பின் அச்சுக்கு மேல் ஒரு வெல்டிங். மேலே தார் பூசி மறைத்திருந்தார்கள். விரலால் சுரண்டிக் காட்டினேன். அவன் விற்பவரைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் குந்தினான்.

"ஒடஞ்சிதா?"

"ஒடஞ்சி ஒட்டவெச்சது. இருபது டன் ஏத்துனா ரெண்டு மாசம் தாங்காது."

"சரி, வேணாம்" என்றான். வேறு கேள்வி கேட்கவில்லை. அந்த நீல வண்டிக்கு மட்டும் இந்த 'சரி' அவன் வாயிலிருந்து வரவில்லை என்பதை நினைத்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுந்து சேலையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தேன். அவன் எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னான். என் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் அவனே சொன்னான். நின்றுகொண்டே குடித்தோம். மெட்ரோ ரயில் மேலே போய்க்கொண்டிருந்தது. அவன் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விட்டான்.