உட்காரக் கூடாத விருந்து

பெங்களூரு வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஊழியர்களுக்காக ‘குடும்ப நாள்’ வைத்தார்கள். வீட்டாரோடு வந்து, கெஸ்ட் மாதிரி உட்கார்ந்து பஃபே சாப்பிடலாம். ஏற்பாடெல்லாம் நான்தான். பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஹவுஸ்கீப்பிங் மேரி அக்கா நீலசந்திராவிலிருந்து மகளோடு பட்டுப்புடவையில் வந்தார். வாசலிலேயே மேனேஜர் பிடித்துக்கொண்டார். “டியூட்டிக்கு ரெண்டு பேர் வரலை மேரி. கொஞ்ச நேரம் ரூமெல்லாம் பாத்துக்கோங்க. நம்ம ஆளுன்னுதானே கேக்குறேன்.” அக்கா மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு யூனிஃபார்முக்கு மாறினார்.

விருந்து முடியும் நேரத்தில்தான் ஓடி வந்தார். மகள் பக்கத்தில் உட்காரப் போனவரை மேனேஜர் தடுத்தார். “யூனிஃபார்மோட இங்க உக்காரக் கூடாது. இத்தனை வருஷமா இருக்கீங்க, ரூல் தெரியாதா?”

அக்கா சிரித்துச் சமாளித்தார். “நீ சாப்பிடு கண்ணு” என்று மகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பெண் தட்டோடு எழுந்துவிட்டாள். “அப்ப நானும் நிக்கிறேன்மா.” இருவரும் சுவரோரமாக நின்று ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

நான் நேராக மேனேஜரிடம் போனேன். “இன்னிக்குமா சார் ரூல்?” என்று கேட்டேன்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்றார் மேனேஜர். டியூட்டி கோட்டும் பேட்ஜுமாக, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் மேலும் பேசுவதற்குள் மேரி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். “விடு பாப்பா. நாளைக்கும் நான் இங்கதான் வேலைக்கு வரணும்.”

எங்கள் ஹோட்டலில் இதற்கு விசுவாசம் என்று பெயர். அதுவரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.