மாதிரிக்குக் குத்திய விரல்

லெஸ்டரில் வாழும் ஜிம்பாப்வேக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. யாராவது செத்தால் உடலைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவைக்கும். செத்தபின் செய்யவேண்டியதை இவ்வளவு அக்கறையாகச் செய்கிறவர்களிடம், உயிரோடிருக்கும்போதே கொஞ்சம் ரத்தம் கேட்பது செகேசாயின் வேலை. மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுவாள். இரண்டு வேலையிலும் இடுப்பு ஒரே மாதிரிதான் வலித்தது.

கூட்டம் முடிந்து சட்சாக் களியும் கீரையும் வருவதற்குள் அவளுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். எச்.ஐ.வி. சோதனைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். தன் விரலையே குத்திச் சின்னக் குழாயில் ரத்தம் பிடித்துக் காட்டுவாள். தபாலில் போட்டால் முடிவு போனுக்கு வரும். வருடம் தவறாமல் செய்யவேண்டும் என்பாள்.

"எங்களுக்கெல்லாம் விசா எடுக்கறப்பவே பாத்துட்டாங்க அத்தை" என்றார் ஒருவர்.

"அது காசநோய்க்குய்யா. நெஞ்சைத்தான் படம் புடிச்சாங்க."

"நெஞ்சு சுத்தம்னா மத்ததும் சுத்தந்தான்!"

சிரித்தார்கள். ஆறு வருடமாக அதே சிரிப்பு.

அன்று தவெங்வா எழுந்தார். செகேசாய் குடும்பத்துக்கு அவர் சாவிரா, அதாவது தலைமுறை தலைமுறையாய் வரும் கேலித் தோழர். இழவு வீட்டில் பிணத்தையே கிண்டலடிக்கும் உரிமை உள்ளவர், உயிரோடிருப்பவளையா விடுவார்?

"ஏ செகேசாய், மாசாமாசம் குத்திக்கிறியே, அந்த ரத்தமெல்லாம் எங்க போவுது?"

"குப்பைக்கு. இது சும்மா மாதிரிக்குத்தானே."

"ஒண்ணைக்கூட அனுப்பினதில்லையா? அடிப் பாவி! ஆக்கிப் போடுறவ பட்டினி, நம்மள மட்டும் தின்னு தின்னுங்கிறா!"

கூடம் அதிர்ந்தது. செகேசாய்க்குக் காது சுட்டது. கணவர் ஊரில், ஹராரேயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்வருவாள். அந்தக் குழாய் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தாங்கிக்கொள்வாள். அவரைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தை ஆறு வருடமாகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நீ தபால்ல போடு, நானும் போடறேன்" என்றார் தவெங்வா, சட்டைக் கையைச் சுருட்டியபடி. விரலுக்குச் சட்டைக் கை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இருவருமாகத் தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போனார்கள்.

ஆறாம் நாள், ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டும்போது செய்தி வந்தது. தொற்று இல்லை. துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை, உட்காரத்தான் தோன்றியது. தவெங்வாவுக்கும் ஒன்றுமில்லையாம். "இப்பவும் உன்னைக் கிண்டல் பண்ணுவேன்" என்று எழுதியிருந்தார்.

இடைவேளையில் ஹராரேக்குப் பேசினாள். கணவர் சந்தோஷப்பட்டார்.

"நல்லதாப் போச்சு. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானே."

இதற்கு என்ன பதில் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் அவள். வாயைத் திறந்தாள், களைப்பாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

"இல்லைங்க. என் ரத்தத்துக்கு என்னைத்தான் தெரியும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. அப்புறந்தான் டிசம்பர்ல ஊருக்கு வர டிக்கெட் எடுப்பேன்."

 அவர் பதில் சொல்லட்டும் என்று போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.