இரண்டு மாப்பிள்ளைகளும் ஸ்டெல்லா அக்காவும்

2007 ஜனவரி 11, வியாழக்கிழமை, காலை ஏழு இருபது. இருபத்து நான்கு மேப்பிள் மரத் துண்டுகளில் பதினாறை எடை போட்டு முடித்து, பதினேழாவதைத் தராசில் வைத்திருந்தேன். போன் அடித்தது. ஊர் எண். பேசியவர் ஸ்டெல்லா அக்காவின் கணவர் காட்வின் அண்ணன். கிறிஸ்துமஸ் விடுப்புக்கு இருவரும் ஒன்றாகத்தான் கன்னியாகுமரிப் பக்கம் போயிருந்தார்கள்.

"மக்கா, அவ போயிட்டாடா. காலையில நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தா."

"என்ன பேசினாங்க?" என்று கேட்டேன்.

"ஆட்டோக்காரன் குழியில எறக்கிட்டான்னு அவனத் திட்டினா" என்றார். சொல்லிவிட்டு அவர் அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு மீதித் துண்டுகளை எடை போட்டேன். இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில், அக்காவோடு ஆய்வகத்தில் வேலை செய்த உங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துண்டுகள் இருக்கும் பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றையும் முடித்துத்தான் மூட வேண்டும். பாதியில் விட்டால் மீதித் துண்டுகள் வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும், அன்றைய அளவு பாழ். அது அக்கா போட்ட சட்டம். முடித்தேன், பெட்டியைப் பூட்டினேன், பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். வரிசை அதுதான்.

துபாய் ஜெபல் அலியில் எங்கள் ஆய்வகம் சின்னது. கட்டடப் பொருட்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது வேலை. சிமெண்ட், இரும்பு, ஓடு எல்லாம் மற்றவர்களிடம். மரம் வந்தால் ஸ்டெல்லா அக்கா. மர விஞ்ஞானம் படித்தவர். நான் கருவிகளுக்கான இன்ஜினீயர், அவருடைய ஓவனும் தராசும் உணரிகளும் என் பொறுப்பு. எனக்குப் பொறுமை குறைவு. ஒரு சோதனை நாலு மாதம் ஓடும் என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு அரிக்கும். அக்காவும் பொறுமைசாலி என்று யாரும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். லிப்ட் வரத் தாமதமானால் கதவை உதைப்பவர். மரத்திடம் மட்டும்தான் அவர் காத்திருப்பார். "மரத்த மெரட்ட முடியாது மக்கா. ஒன்ன மெரட்டலாம்" என்பார்.

மேப்பிள் எப்படி மாப்பிள்ளை ஆனது என்ற கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறீர்கள். நான் அங்கே இருந்தவன், நடந்ததைச் சொல்கிறேன். அஜ்மானில் ஒரு பள்ளிக்கூடம் தன் விளையாட்டுக் கூடத்துக்கு மரத்தரை போடலாமா என்று கேட்டு, மாதிரிப் பலகைகளை எங்களுக்கு அனுப்பியது. குளிர்நாட்டு மேப்பிள். கெட்டியான மரம், பந்து நன்றாக எழும்பும், விழுந்தால் சிமெண்டைப் போல முட்டியைப் பெயர்க்காது. ஸ்டோர் பொறுப்பாளர் பாண்டி, ராமநாதபுரத்துக்காரன், 'மேப்பிள்' என்ற பெயரை போனில் ஒருமுறை கேட்டுத் தன் காதுக்குப் பட்டபடி மனதில் பதித்துக்கொண்டான். அன்று வியாழன். காட்வின் அண்ணன் ஓமனில் சோஹார் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழன் மாலை காரில் வருவார். அக்காவின் ஊரில் மாப்பிள்ளை என்றால் கணவன் என்றும் பொருள். இத்தனையும் சேர்ந்த மாலையில் பாண்டி அக்காவுக்குப் போன் போட்டான்.

"மேடம், மாப்பிள்ளை கேட்டுக்கு வந்துருச்சு. ஆனா வழியில அடிபட்டிருக்கு மேடம். ஒரு பக்கம் முதுகு வளைஞ்சு போச்சு. தூக்கி உள்ள போட ஆள் வேணும்."

அக்கா போட்ட சத்தம் சிமெண்ட் பிரிவு வரை கேட்டது. செருப்பில்லாமல் ஓடினார். பின்னால் நானும் முதலுதவிப் பெட்டியோடு ஓடினேன். கேட்டருகே ஃபோர்க்லிஃப்ட், அதன் மேல் ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் கையில் ரசீதோடு பாண்டி.

"எங்கலே?" என்றார் அக்கா.

"இதான் மேடம். மாப்பிள்ளை" என்று பெட்டியைத் தட்டினான் பாண்டி.

அக்கா அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே காட்வின் அண்ணனின் கார் வந்து நின்றது. பாண்டி குற்ற உணர்ச்சியில் இரட்டிப்பு மரியாதையோடு கேட்டைத் திறந்து, "மேடம், அசல் மாப்பிள்ளையும் வந்தாச்சு!" என்று கத்தினான். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் பெஷாவர் டிரைவர்கூட, கிளம்பலாம் என்று அரபியில் சேர்த்து, "யல்லா, மாப்பில்லா ரெடி!" என்றுதான் பலகைகளை ஏற்றுவார்.

சோதனை என்றால் என்ன செய்தோம் என்று அக்காவின் தேவாலயத்து நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்கே வீங்கும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் பெரிதாக அசையாது. இங்கே கோடையில் கடற்காற்றின் ஈரம் ஒருபக்கம், உள்ளே ஏசியின் வறட்சி ஒருபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் மேப்பிள் எவ்வளவு அசைகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. சமையல் உப்பைத் தண்ணீரில் இனிக் கரையாது என்ற அளவுக்குக் கொட்டி மூடிய பெட்டிக்குள் வைத்தால், உள்ளே ஈரப்பதம் ஒரே அளவில் நிற்கும். அக்கா அஜ்மானில் தன் வீட்டுக்குக் கீழே இருந்த பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், உப்பைப் பை பையாக வாங்கினார். கடைக்காரர் கீழக்கரைக்காரர், அக்கா அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவார். "என்ன மேடம், கருவாடு போடறீங்களா?" என்று கேட்டாராம்.

"இல்ல காக்கா, மாப்பிள்ளைக்கு."

அவர் அவசரமாகச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாராம்.

இன்னொரு நாள் ஸ்பீக்கரில் காட்வின் அண்ணனோடு பேசிக்கொண்டே என்னிடம் திரும்பி, "மாப்பிள்ளைய ஓவன்ல வச்சாச்சா? நூத்திமூணு டிகிரிதான? நாளைக்கு எடுத்து எடை போடணும்" என்றார். பிறகு சோஹாரிலிருந்து நிதானமாக ஒரு குரல்: "நான் இந்த வாரம் வரலாமா, வேண்டாமா?"

மேப்பிளில் பாகும் எடுப்பார்கள். மரம் விற்கும் கம்பெனிக்காரர் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதை உடனே, இனிப்பின் அளவைக் காட்டும் ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு ஊர்க் கருப்பட்டியைக் காய்ச்சி அதிலும் ஒரு சொட்டு. பிறகு இரண்டையும் ஆப்பத்தில் ஊற்றி எங்கள் எல்லோரையும் சாப்பிட வைத்து ஓட்டெடுப்பு நடத்தினார். கருப்பட்டி ஜெயித்தது. ஆப்பம் சுட்டவர் அவரே என்பதால் வாக்காளர்கள் பயந்திருக்கலாம். பாண்டி, "அந்த மரத்துல எப்படி மேடம் பாகு எறக்குவாங்க?" என்றான். "அடிமரத்துல ஓட்டை போட்டுக் குழாய் சொருகிருவாங்க. வடியிறத எடுத்துப் பதனி மாதிரி காச்சணும். வித்தியாசம் ஒண்ணுதான், பனைக்கு ஏறணும், மேப்பிளுக்குக் குனியணும்" என்றார் அக்கா.

சிரிப்பெல்லாம் சரி. பள்ளிக்கூடத்தில் சிரிப்பில்லை. தரை போடும் காண்ட்ராக்டரின் இன்ஜினீயர் முதல் கூட்டத்திலேயே ஹிந்தியில் சொன்னார்: "மேப்பிள் குளிர்நாட்டு மரம். இங்க செத்துரும். பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்க, கலாஸ், வேலை முடிஞ்சுது."

அக்கா, "மரம் வெட்டினப்பவே செத்துட்டு சார். இப்ப அதுக்கு வேண்டியது ஊரு இல்ல, எடம்" என்றார்.

பள்ளி முதல்வர் ஒரு நெல்லைக்கார அம்மா, கண்டிப்பானவர். ஒரு கோடை முழுவதும் பார்க்கலாம் என்றார். கூடத்தின் ஒரு மூலையில் மாதிரியாக ஒரு பட்டை மட்டும் போடுவது, அது தாக்குப்பிடித்தால் கூடம் முழுக்க மேப்பிள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் என்று முடிவானது. பலகை இறங்கிய அன்றே காண்ட்ராக்டரின் ஆட்கள் சுத்தியலோடு வந்துவிட்டார்கள். "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார் இன்ஜினீயர். அக்கா பலகைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"மாப்பிள்ளைய வாசல்ல நிக்கவச்சே தாலி கட்டச் சொல்லுவீங்களா? உள்ள வரட்டும், உக்காரட்டும், ஒரு காப்பி குடிக்கட்டும். இந்த வீட்டுக் காத்து அவனுக்குப் பழகட்டும். அப்புறம் கட்டுங்க."

தச்சர்கள் எல்லாம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். சிரித்துக்கொண்டே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். இன்ஜினீயருக்குத் தமிழ் தெரியாததால் அவர் மட்டும் கோபமாக நின்றார். மூன்று வாரம் பலகைகள் ஏசி ஓடும் கூடத்தில் சும்மா கிடந்தன. நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'மாப்பிள்ளை அழைப்பு'. பிறகு பட்டையைப் போட்டபோது, சுவரோரம், கேரம் போர்டில் ஆடும் ஒரு காரம் காய் படுத்து நுழையும் அளவுக்கு இடைவெளி விடச் சொன்னார். கால் நீட்ட இடம்.

ஆகஸ்டில் கூடத்தின் ஏசி கெட்டது. விடுமுறை, பள்ளியில் ஆள் இல்லை, யாருக்கும் தெரியவில்லை. அளவெடுக்கப் போன நாங்கள் கதவைத் திறந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்தது. காரம் காய் நுழைந்த இடைவெளியில் இப்போது போன் கார்டு மட்டுமே நுழைந்தது. நான் அங்கேயே நின்று காண்ட்ராக்டர் முதல் வாட்ச்மேன் வரை ஒவ்வொருவரையும் போனில் கிழித்தேன். அக்கா தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடி, பட்டையின் மட்டத்தைப் பார்த்தார். "கத்தாதலே. எங்கயும் மேடா எழும்பல. இன்னும் ஒரு கார்டு எடம் இருக்கு" என்றார்.

ஏசி சரியானது. டிசம்பரில், விடுப்புக்குப் போவதற்கு முந்தின வாரம், கடைசியாக அளந்தோம். காரம் காய் மறுபடி நுழைந்தது. ஒரு பலகைகூட எழும்பவில்லை, பிளக்கவில்லை. அக்கா அந்தப் பட்டையின் மேல் நின்று குதித்தார். "பாத்தியா மக்கா! வீங்கினான், வத்தினான், ஆனா கோவிச்சுக்கிட்டுப் போகல. இவன் மாப்பிள்ளையில நல்ல மாப்பிள்ளை!"

முடிவெடுக்கும் கூட்டம் ஜனவரி 20 என்று குறித்திருந்தார்கள். "நான் வந்து பேசிக்கிடுதேன். நீ வாயத் தொறந்தா மரத்தையும் சேத்துக் கெடுப்ப" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஆக, 20ஆம் தேதி நான் போனேன். ஆய்வகத்திலிருந்து வேறு யாரும் இல்லை. அட்டவணைகளை விரித்தேன், வளைகோடுகளைக் காட்டினேன். முதல்வர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். காண்ட்ராக்டரின் இன்ஜினீயர், "ஏசி மறுபடி நின்னா?" என்றார். ஏசி கெட்டதைக் கவனிக்காமல் விட்டது யார் என்று திருப்பிக் கேட்க வாய் வரை வந்தது. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்திருக்கும், பிளாஸ்டிக் வந்திருக்கும். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. முதல்வரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்:

"மேடம், ஏசி போன ஆகஸ்ட்லயே நின்னுச்சு. அது தாங்கிருச்சு. மாப்பிள்ளைக்குக் கால் நீட்ட எடம் விட்டா அவர் கோவிச்சுக்க மாட்டார். ஸ்டெல்லா மேடம் சொன்னது."

முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். கண்டிப்பான அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி தம்பி. மாப்பிள்ளை அழைப்பு என்னைக்குன்னு சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான். கூடம் முழுவதும் மேப்பிள். இன்ஜினீயர், "என்ன சொன்னாங்க?" என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, பதினேழாவது துண்டு. சோதனை முடிந்ததும் அது என் மேசைக்கு வரும், நிர்வாகம் எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுக்கிறேன். இன்னொன்று, 'ஊரு இல்ல, எடம்' என்ற அந்தப் பேச்சு. அதை அவர் மரத்தைப் பற்றித்தான் சொன்னார். நான் என் ரூமில், மூன்றடுக்குக் கட்டிலின் நடுத்தட்டில் படுத்துக்கொண்டு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி செய்யப்போகிறவை:

1. கண்டெய்னர் ஜெபல் அலிக்கு வந்ததும் நானும் பாண்டியும் நேரில் போய்ப் பார்ப்போம். முதுகு வளைந்த பலகை ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புவோம்.

2. பலகைகளைக் கூடத்தில் அடுக்கி ஏசியை ஓடவிட்டு மூன்று வாரம் தொடமாட்டேன், தொடவும் விடமாட்டேன். யாராவது "ஜல்தி" என்றால், கிடையாது என்று அரபியில் ஒரே சொல், "மாஃபி". எனக்கு உடம்பு அரிக்கும். அரிக்கட்டும்.

3. சுவரோர இடைவெளியை அழகுக்காக யாரும் அடைத்துவிடாமல், வேலை முடியும்வரை சட்டைப் பையில் ஒரு காரம் காயோடு சுற்றுவேன்.

4. ஆய்வகக் கோப்பின் பெயரை 'மாப்பிள்ளை' என்று மாற்றுவேன். ஆடிட்டர் கேட்டால் மரத்தின் பெயர் என்பேன்.

5. தரை முடிந்ததும் சோஹாருக்குப் போன் செய்து காட்வின் அண்ணனைக் கூப்பிடுவேன். பிள்ளைகள் பந்தோடு உள்ளே ஓடுவதற்கு முன்னால் அவர்தான் முதலில் கால் வைக்க வேண்டும். பாண்டி கூடத்துக் கதவைத் திறந்து, "மேடம், மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று கத்துவான். எந்த மாப்பிள்ளை என்று யார் கேட்டாலும் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை.