மஞ்சள் பூசிய ஏரியல்

போன மாதம் என் மகன் எங்கள் வீட்டுக் கூரையில் வெள்ளையாய் ஒரு தட்டை மாட்டினான். சிம்மோரில் இருக்கும் அவன் மாமனார் வீட்டுக் கூரையில் இன்னொன்று. அங்கே கேபிள் இன்னும் வரவில்லையாம். இங்கிருந்து இன்டர்நெட்டைக் காற்றிலேயே அனுப்பிவிடலாமாம். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அறுந்த வயர் ஒன்றை ஒட்ட அவன் ஈயத்தை உருக்கியதும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை, அடுப்பில் வைத்த சாம்பாரையே மறந்துவிட்டேன்.

என் இருபதுகள் அந்த வாசனையில்தான் கழிந்தன. எண்பதுகளில் இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு பாக்டரியில் ரேடியோப் பலகைகளுக்கு ஈயம் வைக்கும் வேலை எனக்கு. தலைக்குச் சீயக்காய் போட்டாலும் போகாது. "பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு மல்லிப்பூ வாசம் வரணும்டி, ஒங்கிட்ட ரேடியோக் கட வாசந்தான் வருது" என்பாள் அம்மா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவைச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட, விட்டுவிட்டு வர முடியவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் போன் கிடையாது. நாங்கள் போய்ப் பார்க்கலாமென்றால், பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே நெடுந்தூரம் நடக்க அம்மாவின் முழங்கால் விடவில்லை. சோற்றில் கை வைத்தபடி அம்மா திடீரென்று சொல்வாள்: "அவ கொரல மட்டும் ஒருக்கா கேட்டுட்டா போதும்டி."

அத்தான் தோட்டத்துப் பட்டறையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரிக்காரர்கள் வைத்திருப்பது போன்ற வாக்கி டாக்கிப் பெட்டிகள் இரண்டைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்று அங்கே, ஒன்று இங்கே. லைசென்ஸ் எடுத்தாரா என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. வாசலில் கூரையைத் தாண்டும் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஏரியல் கட்டுவதாகத் திட்டம். வயர் கொஞ்சம் போதவில்லை. கம்பத்தின் அடியில் நானே ஒட்டுப் போட்டு டேப் சுற்றினேன். என் ஒட்டு அசையாது என்று எனக்கு அப்போது பெரிய கர்வம்.

கம்பத்தைத் தூக்கும் நேரத்தில் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடும் மாவிலையோடும் வந்து நின்றாள்.

"அத்தே, இது ஏரியல் லா, பந்தக்கால் இல்ல!"

"எம்பொண்ணு கொரல கொண்டாற கம்பம் மாப்ள. மொட்டையா நிக்கலாமா?"

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் மாவிலை கட்டி, கல்யாண வீட்டுக்குக் கால் நடுவது மாதிரியே நட்டோம். பொழுது சாய்வதற்குள் அத்தான் தோட்டத்துக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தார். கரகரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து அக்கா: "ம்மா, கேக்குதாம்மா?"

அம்மா பட்டனை அமுக்கியவள் விடவே இல்லை. அழுகிறாள், சிரிக்கிறாள், புளி கரைத்தாயா என்கிறாள். அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மறுமுனை பேசுவது நமக்குக் கேட்காது. "பட்டன விடுங்கம்மா!" என்று நான் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அந்தச் சேனல் எங்கள் சொத்தா என்ன? சாலையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நுழைவார்கள். பாரிட் புந்தாரிலிருந்து நெல் ஏற்றி வரும் மலாய் அண்ணன் ஒருவர், 'கறுப்புக் குதிரை' என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்ட சீன லாரிக்காரர் ஒருவர். யார் குரல் வந்தாலும் அம்மா முதலில் கேட்பது "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் அவளுக்குப் பேச்சே வராது. அவர்களும் பதிலுக்கு அக்காவுக்கு எத்தனையாவது மாதம் என்று விசாரிப்பார்கள்.

ஒரே ஒரு தொல்லை. வெள்ளிக்கிழமைகளில் பெட்டி செத்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் தானாக உயிர் வரும். நான் அத்தான் பக்கத்தைக் குறை சொன்னேன், அவர் என் ஒட்டைக் குறை சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்காவுக்கு நாள் நெருங்கிய வாரம், வெள்ளிக்கிழமை. நான் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த நேரம். பெட்டி ஊமை. அம்மா அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஒரு லாரி பெரிய ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பனியனோடு குதித்த சீனர் கம்பத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கத்தினார்:

"மக்சிக்! சூச்சு சுடா லாஹிர்! பெரும்புவான்!"

பேத்தி பிறந்துவிட்டாள்! அத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், எங்களிடமிருந்து பதில் இல்லை. கேட்டது கறுப்புக் குதிரை. ஈப்போவில் எங்கள் தாசேக் பக்கம் மஞ்சள் துணி கட்டிய கம்பம் உள்ள வீடு என்று அத்தான் அடையாளம் சொல்ல, போகிற வேலையை விட்டுவிட்டு எங்கள் தெருவுக்குள் லாரியைத் திருப்பியிருக்கிறார். அம்மா ஓடிப்போய் ஒரு கை சர்க்கரையை அள்ளி வந்து அவர் வாயிலேயே போட்டாள். மனிதர் பாதியைத் தும்மிவிட்டார். அன்றைக்கே அவர் லாரியில் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகாராணி மாதிரி பேத்தியைப் பார்க்கப் போனாள் அம்மா.

நான் கம்பத்தடியில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தேன். உள்ளிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. நான் முதல் ஷிப்டுக்குப் போனதும், வெள்ளி தவறாமல் அம்மா குடம் குடமாய் ஊற்றிக் கழுவித்தான் மஞ்சள் பூசியிருக்கிறாள்; ஒட்டு காய்கிறவரை பெட்டிக்கு உயிர் இல்லை. அம்மா திரும்பி வந்ததும் கேட்டேன். "வெள்ளிக்கெழம மட்டுந்தானடி கழுவுனேன்!" என்றாள். ஒட்டை அவள் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றினேன். கழுவுவதை அவள் நிறுத்தவில்லை.

பிறகு தோட்டத்துக்கும் போன் வந்தது. தோட்டத்தை விற்றார்கள், லயங்களை இடித்தார்கள், அக்கா ஈப்போவுக்கே குடிவந்தாள். சேனலில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. பல வருடம் கழித்து அம்மா காலமானபோது, போனிலேயே எல்லா உறவுக்கும் சொல்லி முடித்தேன். அக்காவின் மகள் பக்கத்தில் வந்து, "இன்னும் யாருக்காச்சும் சொல்லணுமா சித்தி?" என்றாள். அம்மா சாப்பிட்டாச்சா என்று விசாரித்த லாரிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது.