குரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்

ஈஸ்டருக்கு முந்தைய புனித வார விடுமுறை வந்தால் செலியோவுக்கு ஒரே வாயால் இரண்டு வேலை. புந்தா ராலா என்கிற கடலோர ஊரின் சின்ன வானொலி நிலையத்தில், "கடல் குளத்தாட்டம் கெடக்கு, மீன் பொரிஞ்சுக்கிட்டிருக்கு, கெளம்பி வாங்க" என்று வெளியூர்க்காரர்களைக் கூப்பிடுகிறவன் அவன்தான். கடற்கரைக் கொட்டகைகளில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கும் பெண்களின் விளம்பரத்தில்தான் நிலையம் ஓடுகிறது. அந்தப் பெண்களுக்கோ இந்த ஒரு வார வியாபாரத்தில்தான் அரை வருஷம் அடுப்பு எரிய வேண்டும்.

கடல் இந்த ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்கிறவனும் அவன்தான்.

முன்பு அவன் இறால் படகில் இருந்தான். கரை திரும்பாத படகுகளின் பெயரை வானொலியில் வாசிக்க ஆள் தேவைப்பட்டபோது நிலையத்துக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவர் விழுந்ததை அவன்தான் படம் எடுத்தான். அதற்குப் பின்னால் இருந்த தெரு போனதையும் எடுத்தான். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவன் அழைத்துப்போய்க் காட்டுவான். இடிந்த வீட்டின் முன்னால் யாரையாவது நிறுத்தி, அழச் சொல்லாமல் அழவைத்துவிட்டுப் போவார்கள். செய்தியில் அவன் பெயர், 'ஊர்வாசி ஒருவர்'. முதலில் கோபப்பட்டான். பிறகு அதற்கும் தெம்பில்லை.

இந்த வருஷம் புதன்கிழமையே எச்சரிக்கை வந்தது. வியாழன் பிற்பகல் கடல் ஏறும், வெள்ளியன்று இன்னும் ஏறும். செலியோ அதை ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னான்: காலையில் பயமில்லை, குடும்பத்தோடு வரலாம், மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட வேண்டும், முன்வரிசைக் கொட்டகைகள் மட்டும் சாமானைப் பின்னால் நகர்த்த வேண்டும். சொன்ன விதத்தில் அவனுக்கே ஒரு திருப்தி.

அன்று மாலை தலைநகரம் தெகுசிகல்பாவிலிருந்து தொலைக்காட்சிக்காரி ஈவெத் கூப்பிட்டாள்.

"அலை படம் ஏதாவது இருக்கா செலியோ?"

"இங்க அலையே இல்லீங்க. போன வருஷத்துப் படம்தான் இருக்கு."

"அதையே அனுப்புங்க."

"போன வருஷம்னு எழுதிப் போடணும்."

"போட்டுடலாம்."

போடவில்லை. கொட்டகைக் கூரையைத் தாண்டி அலை அடிக்கிற படம் ராத்திரிச் செய்தியில் நாடு முழுக்க ஓடியது. மறுநாள், பெரிய வியாழன் காலையில் ஒரு பேருந்துகூட வரவில்லை. பிற்பகலில் கடல் வந்து முன்வரிசைக் கம்பங்களின் காலை நனைத்துவிட்டுத் திரும்பியது.

அவன் அக்கா டெல்மியின் கடை முன்வரிசையில் இருந்தது. ஐஸ்பெட்டி நிறைய விற்காத சங்கரா மீன். அன்று மாலை அவனைக் கண்டும் அவள் வாழைக்காய் சீவுவதை நிறுத்தவில்லை.

"வாங்க பெரிய மனுஷரே. இன்னிக்கு எந்தூருக்குச் சேதி?"

"அக்கா, நான் தெளிவா சொல்லித்தான் அனுப்புனேன்."

"உன் குரல் வான்னு கூப்பிடுது. உன் படம் வராதேங்குது. ஜனங்க எதடா நம்புவாங்க?"

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "படத்தைத்தான். குரல் அளவுக்கு மூஞ்சி இல்ல, நேர்ல பாத்தவ நான் சொல்றேன், குரலை நம்பாதீங்க."

செலியோவும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பு மறுபடி வந்தது. இன்று பிற்பகல், நேற்றையதைவிடப் பெரிதாக. அவன் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து வாசித்தான். திரும்பவும் வாசித்தான். வெளியே வந்து பார்த்தால் முன்வரிசையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. நேற்றுக் கம்பத்தின் அடியை மட்டும் நனைத்துவிட்டுப் போன கடலுக்காக இன்று யார் எழுந்திருப்பார்கள்?

மதியத்துக்கு மேல் ஈவெத்தைக் கூப்பிட்டு, தப்பைத் திருத்திச் சொல்லச் சொன்னான்.

"எழுத்து விட்டுப்போச்சு, பாக்கறேன். இன்னிக்கு நேரலை தர்றீங்களா? மூணு மணிக்கு. முழங்கால் தண்ணியில நின்னீங்கன்னா நல்லா இருக்கும்."

அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தான். சாப்பிட யாருமில்லாத மேசைகளுக்கு நடுவே பெண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வழக்கத்தைவிட மேலே நின்றது. அதன் நிறமும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, எந்திரி. பெட்டிய நகத்தணும்."

"ரேடியோவுல சொன்னியே, கேட்டேன். போ."

"இப்ப ரேடியோவுல சொல்லல. உங்கிட்ட சொல்றேன்."

"நேத்தும் நீதான் சொன்ன."

நாளெல்லாம் பேசியது போதுமென்று அவன் குனிந்து ஐஸ்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி தூக்கினான். இடுப்பில் பிடித்துக்கொண்டது.

"விடுடா, முதுகு போயிடும்."

விடவில்லை. மணலில் கோடு இழுத்தபடி பெட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

டெல்மி சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். திட்டிக்கொண்டே வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"மீன் வித்திருந்தா இம்புட்டு கனக்காது, தெரியும்ல?"

"தெரியும்."

"உன்னாலதான் கனக்குது."

"தெரியும்க்கா. தூக்கு."

தூக்கினார்கள். பக்கத்துக் கடைக்காரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தன் அடுப்பின் மேலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். அடுத்த கடையில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

பாதி வழியில் செலியோவின் சட்டைப்பையில் அலைபேசி அடிக்க ஆரம்பித்தது. மணி மூன்று ஆகியிருக்க வேண்டும்.

"யாருடா?"

"தலைநகரம்."

"எடுக்கணுமா?"

அவன் இரண்டு கையும் பெட்டியில் இருந்தது. பின்னால் முதல் அலை முன்வரிசைக்குள் நுழைந்து, ஒரு மேசையை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனது.

"வேண்டாம்க்கா. உன் பக்கத்தைக் கொஞ்சம் ஒசத்திப் பிடி."